பெரியவர் குடும்பத்தோடு வந்திருக்கிறார்

சட்டைக்கு எதற்காக அக்கா இஸ்திரி போட்டாள் என்பதில்தான் முதலில் இடறியது. காட்டுக்குள் போகிறவனுக்கு, அட்டைக்கடிக்கும் உண்ணிமுள்ளுக்கும் நடுவே எட்டு கிலோமீட்டர் ஏறி இறங்கப் போகிறவனுக்கு, கைமடிப்பில்கூடக் கோடு விழுகிற மாதிரி தேய்த்த சட்டை எதற்கு? திருமூர்த்தி ஏறிக்கொண்டே யோசித்தான். யோசித்துக்கொண்டே ஏறினான் என்றும் சொல்லலாம், மூச்சும் நினைப்பும் ஒரே சரட்டில் இழுபட்டுக்கொண்டிருந்தன. முன்னால் வாட்சர் பத்ரன், கையில் ஒரு கம்பு, இடுப்பில் வாக்கிடாக்கி. அவருக்குப் பின்னால் மச்சான் குழந்தைவேலு, அக்காவின் புருஷன், வேளாண்மைத் துறையில் ஓய்வு பெற்று மூன்று வருஷம் ஆகியும் வயல் பார்வையிடப் போகிற தோரணை நடையை விட்டுப் போகாதவர். கடைசியில் அவன். ஏழரைக்கு செக்போஸ்ட்டில் கையெழுத்துப் போட்டு உள்ளே வந்தது, இப்போது ஒன்பதாகியிருக்கும். தேசியப் பூங்கா என்று பலகையில் எழுதியிருந்ததே தவிர பூங்காவுக்கு உண்டான எதுவும் இங்கே இல்லை. பெரிய பெரிய புல்மேடுகள், அவற்றின் மடிப்புகளில் மட்டும் அப்பி வைத்த மாதிரி இருட்டுச் சோலை, மேலே போகப் போக அந்த மேட்டையும் காணோம், மேகம் வந்து உட்கார்ந்துகொண்டது. வரையாடு பார்க்கலாம், கருமந்தி பார்க்கலாம் என்று மச்சான் போன வாரம் சாப்பாட்டு மேஜையில் சொன்னபோது அக்கா அடுப்படியில் இருந்துகொண்டே, "அவன் எதைப் பார்த்து என்ன ஆகப் போகுது" என்றாள். அந்தப் 'பார்த்து'வை எதற்காக அவ்வளவு அழுத்தினாள்? பார்க்கிறது என்றால் இந்தப் பக்கத்தில் ஒன்றைத்தானே சொல்வார்கள். செக்போஸ்ட்டில் பாரத்தை நிரப்பும்போது வயது என்ன என்று கேட்டவனிடம் மச்சான் முந்திக்கொண்டு, "நாப்பத்தெட்டு, பார்த்தாத் தெரியாது" என்றார். வயது கேட்டால் வயதைச் சொல்வதுதானே, பார்த்தால் தெரியுமா தெரியாதா என்பது வனத்துறைக்கு எதற்கு? பிறகு பலகைக்குக் கீழே நிறுத்தி ஒரு போட்டோ. "சிரி மாப்ள." எடுத்த கையோடு யாருக்கோ அனுப்பினார். யாருக்கு என்று அவன் கேட்கவில்லை. கேட்டால் பதில் தயாராக இருக்கும். தயாராக இருக்கிற பதிலைக் கேட்டு என்ன பிரயோஜனம்.

"மூச்சு வாங்குதா மாப்ள?" என்றார் மச்சான் திரும்பாமலே. "இல்லீங் மச்சான்." இந்த 'மாப்ள'வும் ஒரு தொந்தரவு. பெண்டாட்டியின் தம்பியைக் கூப்பிடுவதற்கும் கல்யாண மாப்பிள்ளையைக் கூப்பிடுவதற்கும் ஒரே சொல்லை வைத்திருக்கிற பாஷையில் ஒருவன் எங்கே கால் ஊன்றி நிற்பது? பத்தொன்பது வருஷம் லண்டனில், ஆஸ்பத்திரிகளில், இவர் சொல்வதை அவருக்கும் அவர் சொல்வதை இவருக்கும் மொழி மாற்றிச் சொல்லிப் பிழைத்தவன் அவன். சொல்லுக்கு நடுவில் ஒருவர் எங்கே நிற்கிறார், எதை முழுங்குகிறார் என்று பார்த்துப் பார்த்துக் காது கூர்மையாகிப் போனவன் என்று அவனுக்கு அவனைப் பற்றி ஒரு எண்ணம் இருந்தது. வீட்டில் மட்டும் அந்தக் காது வேலை செய்யவில்லை. மனைவி சுபாஷிணி அவனை விட்டுப் போவதற்கு முந்திய ஒன்றரை வருஷமும் அலமாரியில் இருந்து வாரத்துக்கு ஒன்றிரண்டு புத்தகமாகத் தன் தங்கை வீட்டுக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தாள். அவன் அதே அலமாரிக்கு எதிரில் உட்கார்ந்துதான் தினமும் தேநீர் குடித்தான். மீதிப் புத்தகங்கள் ஒன்றன் மேல் ஒன்று சாய்ந்து கிடப்பதைப் பார்த்துக்கூட, என்னடா இது இப்படிச் சாய்கிறதே என்று ஒரு கனமான பீங்கான் ஜாடியை ஓரத்தில் முட்டுக் கொடுத்தானே தவிர ஏன் சாய்கிறது என்று கேட்கவில்லை. அவள் கடைசியாகப் போன அன்று எடுத்துக்கொள்ள ஒரு கைப்பைதான் மிச்சம் இருந்தது. அன்றைக்குப் படாத சந்தேகத்தையெல்லாம் சேர்த்து இப்போது படுகிறான், ஆறு வருஷமாக, பால்காரன் ஐந்து நிமிஷம் முந்தி வந்தால்கூட. ஊருக்குத் திரும்பி வந்த முதல் வாரமே அக்கா பேச்சை எடுத்தாள். "ஒத்தையா எத்தனை நாளைக்குடா?" வேண்டாம் என்றான். அவ்வளவுதான், ஒரே சொல். பதினோரு மாசமாக அந்த வீட்டில் அதைப் பற்றி மூச்சே இல்லை. மரகதம் என்று பெயர் வைத்துக்கொண்டு இரும்பு மாதிரி இருக்கிற அக்கா, ஒரு கறிக்கு இன்னும் உப்பு வேண்டுமா என்பதையே அரைமணி நேரம் விவாதிக்கிறவள், இதை மட்டும் ஒரே சொல்லில் விட்டுவிட்டாள் என்றால் விட்டுவிடவில்லை என்றுதானே அர்த்தம். எங்கேயோ வேலை நடக்கிறது. அலமாரியில் புத்தகம் சாய்ந்துகொண்டிருக்கிறது. இந்தத் தடவை அவன் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

சோலைக்குள் நுழைந்ததும் வெளிச்சம் பச்சையாகி, பிறகு பச்சையும் போய், ஊறவைத்த தேயிலை நிறத்துக்கு வந்தது. காலுக்குக் கீழே மட்கிய இலை மெத்தென்று வாங்கியது. ஒரு அட்டை அவன் காலுறையின் மேல் நிமிர்ந்து நின்று, தலையை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் ஆட்டி, எங்கே ஏறலாம் என்று யோசிப்பதைப் பார்த்தான். இதுவும் விசாரிக்கிறது. பத்ரன் குனிந்து மூக்குப்பொடியைத் தூவிவிட்டு, "வாசனை எதுவும் பூசலீங்களே சார்?" என்று கேட்டார். இல்லை என்றான். "நல்லதுங்க. அவங்களுக்கு ஆகாது." எவர்களுக்கு? பத்ரன் அதற்குள் பத்தடி போயிருந்தார். மச்சானும் பத்ரனும் வரவரக் குரலைத் தாழ்த்திக்கொண்டே போனார்கள். காட்டில் சத்தம் போடக் கூடாது என்பது சரி, ஆனால் சத்தம் போடாமல் பேசுவதற்கும் ரகசியம் பேசுவதற்கும் வித்தியாசம் தெரியாதவனா அவன்? ஒரு ஓடை குறுக்கே வந்தது. தண்ணீர் அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டு நிமிரும்போது வாக்கிடாக்கி கரகரத்தது, அதில் ஒரு குரல் என்னவோ சொன்னது, பத்ரன் அதைக் காதோடு அணைத்துக்கொண்டு "சரிங்க, சரிங்க" என்றார். பிறகு மச்சானிடம் போனார். ஓடைச் சத்தத்தில் பாதி அடித்துக்கொண்டு போயிற்று, பாதி தெளிவாக அவனிடம் வந்து சேர்ந்தது. "பெரியவரு எறங்கிட்டாருங்களாம்." "தனியாவா?" "இல்லீங்க, குடும்பத்தோட. பொண்ணுங்க ரெண்டு, ஒரு பொடுசு." "எங்க நிக்கறாங்க?" "தண்ணிப்பாறை வளைவுலதானுங்க. விடியக்கால இருந்தே அங்கதானாம்." மச்சான் சட்டென்று திரும்பி அவனைப் பார்த்தார். அவன் முகம் துடைக்கிற பாவனையில் துண்டுக்குள் இருந்தான். "மாப்ளகிட்ட இப்ப சொல்ல வேணாம். சொன்னா இங்கயே திரும்பிரலாம்பான்." "மேட்டுல இருந்து தூரமாக் காட்டிரலாமுங்க. அவங்களுக்கும் தெரிய வேணாம்." "ஆமா, தூரத்துல இருந்தே பார்த்துக்கட்டும். காத்து மட்டும் நம்ம பக்கம் இருந்தாப் போதும்." துண்டுக்குள் இருட்டாக, சோப்பு வாசனையாக இருந்தது. அதற்குள்ளேயே கொஞ்ச நேரம் நின்றான். ஆக, சட்டை. ஆக, போட்டோ. பொருத்திப் பார்க்க இனி ஒன்றும் பாக்கி இல்லை. ஒரு வெற்றிகூட இருந்தது அதில், கசப்பான ஒரு வெற்றி, நான்தான் சொன்னேனே என்று சொல்வதற்குப் பக்கத்தில் ஆள் இல்லாத வெற்றி.

காட்டுக்குள்ளா பெண் பார்ப்பார்கள்? ஏன் பார்க்க மாட்டார்கள். கோயிலில் பார்க்கிறார்கள், துணிக்கடையில் பார்க்கிறார்கள், யதேச்சையாகச் சந்தித்த மாதிரி, அட நீங்களா என்கிற மாதிரி. வேண்டாம் என்று சொன்ன ஒருவனை வீட்டுக் கூடத்தில் உட்காரவைத்துக் காட்ட முடியாது, அதனால் மலை. எழுந்து போக ஆட்டோ கிடையாது, போனில் சிக்னல் கிடையாது. யோசித்தவள் அக்காதான். அவளுக்குத்தான் இவ்வளவு தூரம் யோசிக்க வரும். புளிசாதப் பொட்டலம் ஏழு கட்டியிருந்தாளே, மூன்று பேருக்கு ஏழு எதற்கு? பெரியவர் ஒன்று, பெண்கள் இரண்டு. ஒருத்தி அவள், இன்னொருத்தி அவள் அம்மாவோ அக்காவோ. பொடுசு. அந்தப் பொடுசில் வந்து நினைப்பு மாட்டிக்கொண்டது. அவளுடைய குழந்தையா? இருக்கும். நாற்பத்தெட்டு வயதுக்காரனுக்கு, ஒரு கல்யாணம் தப்பிப்போனவனுக்கு, அப்படித்தானே பார்ப்பார்கள். அவளும் ஒரு தப்பிப்போனதில் இருந்து வருகிறவளாக இருப்பாள். விடியற்காலையில் குழந்தையை எழுப்பி, தலைவாரி, மலைக்குப் போகிறோம் என்று மட்டும் சொல்லி, எதற்கு என்று அது கேட்டபோது என்ன சொல்லியிருப்பாள்? பெண் குழந்தையா, ஆணா? வயது என்ன இருக்கும்? அட்டை ஏறினால் அழுமே, காலுறை போட்டிருக்கிறார்களா? இதையெல்லாம் அவன் எதற்கு யோசிக்க வேண்டும். சீ என்று தலையை உதறினான். பாதை இங்கே திடீரென்று அகலமாகியிருந்தது. இரண்டு பக்கமும் ஈத்தை மூங்கில் தட்டைகள் மடிந்து, முறிந்து, நடுவில் ஒரு கல்யாண வேன் போகிற அளவுக்கு வழி விட்டுக் கிடந்தன. ஏதோ ஒரு கொடியை வேரோடு பிடுங்கி ஓரமாகப் போட்டிருந்தது. பெரியவர் நடந்து வரக் கஷ்டப்படக் கூடாது என்று ஆள் விட்டு வெட்டியிருக்கிறார்கள். அவ்வளவு செல்வாக்கா? அப்படிப்பட்டவருக்கு இவன் எதற்கு? லண்டன் என்று சொல்லியிருப்பார்கள். என்ன வேலை என்று சொல்லாமல் லண்டன் என்று மட்டும் சொல்லியிருப்பார்கள்.

"இங்க ஒரு அஞ்சு நிமிசம் உக்காரு மாப்ள, பத்ரன் முன்னால போய்ப் பார்த்துட்டு வரட்டும்" என்றார் மச்சான். வேர் புடைத்த ஒரு மரத்தடி. "என்ன பார்க்க?" "சும்மா, வழி." பொய் சொல்லும்போது மச்சானுக்கு இடது கை தானாக மூக்குக் கண்ணாடிக்குப் போகும். போயிற்று. பத்ரன் மேட்டுப் பக்கமாகச் சரிவில் ஏறி மறைந்தார், ஒரு சுள்ளிகூட முறியவில்லை. மச்சான், "நானும் ஒண்ணுக்குப் போயிட்டு வந்திர்றேன், எங்கயும் நகராத" என்று புதருக்குப் பின்னால் போனார். மேலே ஒரு கருமந்தி ஊம் ஊம் என்று அடித்தொண்டையில் குமுறி, நிறுத்தி, மறுபடி குமுறியது. எங்கும் நகராதே. நகராமல்தானே இருந்தான் இவ்வளவு காலமும், ஜாடியை முட்டுக் கொடுத்துக்கொண்டு. எழுந்தான். தண்ணிப்பாறை வளைவு எங்கே என்று கேட்க வேண்டியதில்லை, வெட்டி வைத்த வழியே கூட்டிக்கொண்டு போகிறது. நேரே போய்ப் பெரியவரிடமே பேசிவிடுவது. மரியாதையாக, கோபப்படாமல். ஐயா, மன்னிக்கணும், உங்களை இவ்வளவு தூரம் அலைக்கழிச்சுட்டாங்க. என் சம்மதம் இல்லாம நடந்த காரியம் இது. உங்க பொண்ணு மேல எனக்கு எந்தக் குறையும் இல்லை. குறை என்று சொல்லலாமா? பார்க்காமலே குறை இல்லை என்று எப்படிச் சொல்வது? பார்த்துவிட்டு வேண்டாம் என்றால் அவளுக்கு அது இன்னும் கேவலம் இல்லையா? அதற்கு முந்தியே சொல்லிவிட வேண்டும், அவள் பக்கம் கண்ணைத் திருப்பாமல். ஆனால் குழந்தை நடுவில் வந்து நின்றால் அதைப் பார்க்காமல் இருக்க முடியாது. பைக்குள் ஒரு சாக்லேட் இருந்ததே, மலை ஏறும்போது களைத்தால் தின்ன என்று போட்டது. நடந்துகொண்டே பையைத் துழாவினான். இருந்தது, கொஞ்சம் வளைந்து போய். அதைச் சட்டைப்பைக்கு மாற்றினான். மாற்றும்போது சட்டை ஒரு பக்கம் வெளியே வந்து தொங்குவது தெரிந்தது, உள்ளே விட்டுக்கொண்டான். மறுபக்கமும். ஈரத் துண்டால் கழுத்தைத் துடைத்தான். காது மேலே எகிறி நிற்கும் மயிரை எச்சில் தொட்டு அமுக்கினான். கடைசி வளைவுக்கு முன்னால் போனை எடுத்து, சிக்னல் இருக்கிறதா என்று பார்ப்பதற்காகத்தான் எடுத்தான், கறுப்புக் கண்ணாடியில் முகம் தெரிந்தது, கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். அவ்வளவு மோசம் இல்லை. பார்த்தால் தெரியாதுதான். இதயம் ஏன் இப்படி அடிக்கிறது. கோபம், வேறென்ன.

வளைவில் ஒரு பாறை ஈரமாக நின்றது. அதற்குப் பின்னால் அவர்கள் இருப்பார்கள் என்று எண்ணி அவன் குரலைச் சரி செய்துகொண்டு இரண்டடி வைத்தான். வாடை வந்தது, புளித்த வைக்கோலும் சேறும் கலந்த, வெதுவெதுப்பான ஒரு வாடை. பாறையில் ஒரு கண் இருந்தது. கண் திறந்திருந்தது. அதைச் சுற்றிச் சுருக்கங்கள், இமை மயிர், கண்ணுக்கும் காதுக்கும் நடுவில் இருந்து வழிந்த ஒரு கறுப்புக் கோடு, பிறகு காது, பிறகு கொம்பு, ஒவ்வொன்றாகத்தான் தெரிந்தது, முழுசாகத் தெரிய நேரம் பிடித்தது. அதற்குள் அவன் வாய், ஒத்திகை பார்த்து வைத்திருந்த வாய், தன்பாட்டுக்குத் திறந்துகொண்டு, "ஐயா" என்றது. காது இரண்டும் விரிந்தன. பின்னால் ஈத்தைக்குள் இன்னும் இரண்டு முதுகுகள் அசைந்தன, அவற்றின் கால்களுக்கு நடுவில் சின்னதாக ஒன்று தும்பிக்கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஆட்டிக்கொண்டு நின்றது. தரை வழியாக ஒரு உறுமல், காதில் கேட்கவில்லை, முழங்காலில் கேட்டது. ஓட வேண்டும் என்று தோன்றவில்லை. பொடுசு அதுதானா என்று தோன்றியது. அவ்வளவு அபத்தமான, அவ்வளவு தெளிவான ஒரு ஏமாற்றம், இந்த நேரத்தில் இது எதற்கு என்று அவனுக்கே விளங்காத ஏமாற்றம். பெரியவர் ஒரு கால் எடுத்து முன்னால் வைத்தார். அப்போது பின்னால் இருந்து ஒரு கை அவன் சட்டைக் காலரைப் பிடித்தது. "திரும்பாதீங்க. பின்னாலயே வாங்க. மெல்லமா." பத்ரனின் மூச்சு காதில் சூடாக இருந்தது. ஒரு அடி. இன்னொரு அடி. பெரியவர் மண்ணை வாரித் தன் முதுகில் போட்டுக்கொண்டு நின்றார். வளைவு அவரை மறைத்ததும் பத்ரன் அவன் மணிக்கட்டைப் பிடித்தார், சரிவில் இழுத்துக்கொண்டு ஏறினார், அவன் கால்கள் யாருடையவையோ மாதிரி கூடவே ஏறின.

மேட்டில் ஒரு தட்டைப்பாறையில் மச்சான் நின்றுகொண்டிருந்தார், முகத்தில் ரத்தமே இல்லை. "உனக்குப் பைத்தியமா? நகராதன்னு சொன்னனில்ல? உங்கக்காளுக்கு நான் என்ன பதில் சொல்றது?" என்று கத்துகிற வேகத்தில், ஆனால் சத்தமே வராமல் கேட்டார். அந்த ஊமைக் கத்தலில் கழுத்து நரம்பு மட்டும் புடைத்தது. கீழே, வெகு சின்னதாக, நான்கு பேரும் ஓடைப் பக்கமாக இறங்கிக்கொண்டிருந்தார்கள். "யானைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல" என்றான் திருமூர்த்தி. "காட்டுக்குள்ள அந்தப் பேரச் சொல்ல மாட்டமுங்க சார்" என்றார் பத்ரன். "பேரச் சொன்னா கூப்பிட்டதா ஆயிரும். பெரியவருன்னுதான் சொல்லுவோம்." மச்சான் பக்கத்தில் உட்கார்ந்தார். "நீ பயப்படுவேன்னு நானும் சொல்லல. சரி, நீ யாருன்னு நெனச்ச? யாரப் பார்க்க அப்படி விறுவிறுன்னு போன?" சொல்லாமல் இருந்திருக்கலாம். வழி தவறிவிட்டேன் என்றால் நம்பியிருப்பார்கள். "பொண்ணு பார்க்கக் கூட்டிட்டு வந்திருக்கீங்கன்னு நெனச்சேன்." மச்சான் அவனையே பார்த்தார். பிறகு அவர் தோள் குலுங்கத் தொடங்கியது. சத்தம் போடக் கூடாத இடத்தில் வரும் சிரிப்பு மாதிரி கொடுமை வேறில்லை, துண்டை வாயில் அடைத்துக்கொண்டு பாறையில் சாய்ந்துவிட்டார், கண்ணில் நீர். "பத்ரா, கேட்டியா? பெரியவரு இவனுக்கு மாமனாராம்!" பத்ரன், "கொம்பு மட்டும் ஆளுயரத்துக்கு இருக்குதுங்க, நல்ல எடந்தானுங்க சார்" என்று நிதானமாகச் சொல்லிவிட்டுப் புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்தார். "கேம்ப்ல இருக்கிற நம்ம பசங்களுக்கும் சேர்த்துக் குடுத்துவிட்டிருக்காங்க உங்கக்கா, தங்கமானவங்க." திருமூர்த்தியும் சிரித்தான், சிரிக்க வேண்டிய இடம் என்பதால். உள்ளே ஒன்று சிரிக்கவில்லை. யாரும் எதுவும் திட்டமிடவில்லை. அவனுக்காக ஒருவரும் எங்கேயும் கூடிப் பேசவில்லை, ரகசியமாக ஒரு போன்கூடப் போகவில்லை. போட்டோவும் அக்காவுக்குத்தான் போயிருக்கும்.

சிரிப்பு வடிந்த பிறகு மச்சான் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "அப்படியெல்லாம் உன்னை ஏமாத்திக் கூட்டிட்டு வருவமா மாப்ள? வேணாம்னு நீ அன்னைக்கே சொல்லிட்ட. உங்கக்கா ரெண்டு நாள் அழுதா. நான்தான் போய் மறுக்கா கேளுடின்னேன். கேக்க மாட்டேன்னுட்டா. அவன் அங்க இருந்தவன், அங்கெல்லாம் ஒருக்கா வேணாம்னா வேணாம்தான், திருப்பிக் கேக்கறது அசிங்கம், எந்தம்பிகிட்ட நான் நாகரிகமில்லாம நடக்க மாட்டேன்னா." ஏதோ ஒரு பறவை சோலைக்குள் இருந்து விட்டு விட்டுக் கூவியது. ஒரு ஆஸ்பத்திரி வார்டு அவன் கண்ணில் வந்து நின்றது. இடுப்பெலும்பு ஆபரேஷன் முடிந்து படுத்திருந்த ஒரு அம்மாள், வலி மருந்து வேண்டுமா என்று நர்ஸ் கேட்கிறாள், அவன் தமிழில் கேட்கிறான், "வேண்டாம் தம்பி, எதுக்கு உங்களுக்குச் சிரமம்" என்கிறாள், கண் மட்டும் நர்ஸ் கையில் இருந்த தட்டை விட்டு நகரவில்லை. வேண்டாமாம் என்று அவன் ஆங்கிலத்தில் சொன்னான். சரியான மொழிபெயர்ப்பு. நர்ஸ் தாளில் ஒரு கோடு கிழித்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள். போகிறவளின் முதுகை அந்த அம்மாள் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னொரு தரம் கேளுங்கள், எங்கள் பக்கத்தில் முதல் தடவை சொல்வது பதில் இல்லை என்று பத்தொன்பது வருஷத்தில் ஒரு நர்ஸிடமாவது சொல்லியிருக்கிறானா? எத்தனை கட்டில், எத்தனை வேண்டாம். மேகம் மேட்டைத் தாண்டி வந்து அவர்கள் மூவரையும் மூடியது, மச்சானின் முகம்கூட மங்கலாகிவிட்டது, அது வசதியாக இருந்தது. "மச்சான்" என்றான். "அக்காவை மறுக்கா ஒரு தடவை கேக்கச் சொல்லுங்க." ரொம்பத் தாழ்வாகச் சொல்லிவிட்டான் போல, காற்று வேறு. மச்சான் பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டு அவன் பக்கம் நகர்ந்து வந்து, காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக்கொண்டு, "என்ன மாப்ள? இன்னொருக்காச் சொல்லு" என்றார்.